ஸ்காலர்ஷிப் பணம் எங்க நிக்குது? இன்டர்ன்ஷிப் எது நிஜம்?

ஃபீஸ் கவுன்ட்டர் பக்கம் போனா ஒரு கேள்வி கண்டிப்பா காதுல விழும். "அண்ணா, ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணிட்டேன், இன்னும் வரல. வருமா?" எங்க டிபார்ட்மென்ட்ல ஸ்காலர்ஷிப் ஃபைல் அடுக்குற வேலைக்கு ரெண்டு வருஷமா வாலன்டியரா போறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. கேக்கறவங்கள்ல நிறையப் பேருக்குப் பணம் வாங்கத் தகுதி இருக்கு. அப்ளிகேஷனும் போட்டிருக்காங்க. நடுவுல ஏதோ ஒரு இடத்துல அது நின்னுபோயிருக்கு. எங்க நிக்குதுன்னு பாக்கத் தெரியாம "வரும் வரும்"னு ஒரு வருஷம் காத்திருக்காங்க. அந்த ஒரு வருஷம் வீட்டுல வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியிருப்பாங்க.

அதனால இந்தக் கட்டுரையில திட்டங்களோட பேர்களை மட்டும் அடுக்கப் போறதில்லை. பணம் எந்த வழியா வருது, எங்க அடைச்சுக்குதுன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் வருஷமே மூடிக்கிற கதவுகள்

ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர்ஸ் இதை முதல்ல படிங்க. ஏன்னா சில திட்டங்களுக்கு முதல் வருஷத்துல மட்டும்தான் புதுசா அப்ளை பண்ண முடியும். ஏ.ஐ.சி.டி.இ. தர்ற பிரகதி ஸ்காலர்ஷிப் அப்படித்தான். பெண்களுக்கானது, வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், ஒரு குடும்பத்துல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் வாங்கலாம். முதல் வருஷம் சேர்ந்தவங்க, அல்லது டிப்ளமோ முடிச்சு நேரா செகண்ட் இயர் வந்தவங்க மட்டும்தான் அப்ளை பண்ண முடியும். தேர்ட் இயர்ல வந்து "இப்பதான் கேள்விப்பட்டேன்"னா ஒண்ணும் செய்ய முடியாது. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ மாற்றுத்திறன் உள்ளவங்களுக்கு சக்ஷம்னு ஒரு திட்டம் இருக்கு. பெற்றோர் இருவரையும் இழந்தவங்க, கோவிட்ல பெற்றோரை இழந்தவங்க மாதிரி மாணவர்களுக்கு ஸ்வநாத் இருக்கு. ரெண்டுலயும் தொகை அதே 50,000தான்.

பிளஸ் டூ மார்க்கை வச்சுக் கிடைக்கிற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் ஒண்ணும் உண்டு. உங்க போர்டுல முதல் 20 சதவீதத்துக்குள்ள வந்திருக்கணும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருக்கணும். முதல் மூணு வருஷம் 12,000, நாலாவது வருஷம் 20,000. இதையும் பிரகதியையும் சேர்த்து வாங்க முடியாது, ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும். எதைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாமே நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் வழியாத்தான் போகும். கவுன்சிலிங் முடிஞ்சு கிளாஸ் ஆரம்பிக்கவே செப்டம்பர் ஆயிடும். போர்ட்டல் அதுக்கு முன்னாடியே திறந்திருக்கும். ஹாஸ்டல் பெட்டு, மெஸ் டோக்கன், யூனிஃபார்ம்னு அலையற அந்த ஒரு மாசத்துலதான் இதையும் முடிக்கணும். சீக்கிரமா ஓ.டி.ஆர். நம்பரை மட்டுமாவது எடுத்து வைங்க. ஆதாரை வச்சு ஒரே ஒரு தடவை பதிவு பண்றது அது. 14 இலக்கம். படிப்பு முடியற வரைக்கும் அந்த ஒரே நம்பர்தான்.

மாநில அரசு பக்கம் வந்தா, முதல் தலைமுறை பட்டதாரி சலுகை பத்தி எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுலயும் ரெண்டு இடத்துல குழப்பம் வரும். ஒண்ணு, இது கவுன்சிலிங் வழியா சேர்ந்தவங்களுக்கு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா வீட்டுல யாருமே காலேஜ் வாசலை மிதிச்சதில்லைன்னாலும் கிடைக்காது. ரெண்டு, 'குடும்பம்'னா அப்பா அம்மா மட்டும் இல்லை. ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவங்க எல்லாரையும் சேர்த்துத்தான் பாப்பாங்க. அக்கா ஏற்கனவே இந்தச் சலுகையில படிச்சிட்டு இருந்தா தம்பிக்குக் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான்.

அரசுப் பள்ளியில படிச்சு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தவங்களுக்கு 2021-ல இருந்து கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே ஏத்துக்குது. இது தவிர புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்ல மாசம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ்வழியில படிச்சவங்களும் இப்ப இதுக்குள்ள வர்றாங்க. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இந்த ஆயிரம் நிக்காது. இது பலருக்குத் தெரியறதில்லை. "நான் ஏற்கனவே ஒண்ணு வாங்கறேனே, கேட்டா அதுவும் போயிடுமோ"ன்னு பயந்து அப்ளை பண்ணாத ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். எஸ்.சி. மாணவர்களுக்கு இதுல 2021-க்கு அப்புறம் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. மத்திய அரசோட பங்கு, அதாவது 60 சதவீதம், நேரா உங்க அக்கவுன்ட்டுக்கு வரும். அதுல இருக்கிற கல்விக் கட்டணத்தை நீங்கதான் காலேஜுக்குக் கட்டணும். வீட்டுல யாருக்கும் இது தெரியாட்டி, "ஸ்காலர்ஷிப் வந்திருக்கு"ன்னு அந்தப் பணம் வேற அவசரச் செலவுக்குப் போயிடும். நாலாவது வருஷம் நோ டியூஸ் வாங்கப் போகும்போது அது ஒரு பெரிய தொகையா எதிர்ல வந்து நிக்கும்.

ஆதார் லிங்க் ஆகியிருக்கே, அப்புறம் ஏன் வரல?

இதுதான் நான் அதிகமா பாத்த பிரச்சனை. போர்ட்டல்ல அப்ளிகேஷன் ஓகே ஆகியிருக்கும். ஆனா பணம் வந்திருக்காது. பேங்க்ல கேட்டா "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது பொய் இல்லை. ஆனா ரெண்டு விதமான லிங்க் இருக்கு.

ஒண்ணு, கே.ஒய்.சி.க்காக உங்க ஆதார் நம்பரை அக்கவுன்ட்டோட சேர்க்கறது. இப்படி அஞ்சு பேங்க்ல அஞ்சு அக்கவுன்ட்டோட கூடச் சேர்க்கலாம். இன்னொண்ணு சீடிங். அரசுப் பணம் உங்க ஆதார் நம்பருக்கு அனுப்பப்படும்போது எந்த பேங்குக்குப் போகணும்னு என்.பி.சி.ஐ.கிட்ட ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் இருக்க முடியும். கடைசியா எந்த பேங்க்ல சம்மதம் கொடுத்தீங்களோ அதுதான் நிக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஊர்ல ஸ்கூல் படிக்கும்போது திறந்த அக்கவுன்ட்ல சீடிங் இருக்கு. காலேஜ் சேர்ந்ததும் கேம்பஸ்ல இருக்கிற பேங்க்ல ஐ.டி. கார்டுக்காக எல்லாருக்கும் ஒரு அக்கவுன்ட் திறக்கறாங்க. அந்த ஃபார்ம்ல ஒரு சின்னக் கட்டத்துல டிக் போட்டுட்டீங்கன்னா சீடிங் இங்க மாறிடும். அது தப்பில்லை, பணம் இங்க வரும். ஆனா நீங்க ஊர் அக்கவுன்ட்டையே பாத்துட்டு "வரல, வரல"ன்னு இருப்பீங்க. சிம் வாங்கும்போதே ஒரு பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுன்ட்டைத் திறந்து, மக்களோட கேஸ் மானியம் அவங்களுக்கே தெரியாம அதுக்குள்ள போன கதை 2017-ல நாடு முழுக்கப் பெரிய பிரச்சனை ஆச்சு. அதுவும் இதே சீடிங் விவகாரம்தான்.

எப்படிப் பாக்கறது? ஆதார் இணையதளத்துல லாகின் பண்ணி, பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்கிறதை அழுத்துங்க. எந்த பேங்க், ஆக்டிவா இல்லையான்னு காட்டும். ரெண்டு நிமிஷ வேலை. ஆக்டிவ் இல்லைன்னா பேங்க்ல போய் "ஆதார் லிங்க் பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க. "டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங் பண்ணணும்"னு தெளிவா சொல்லி, அதுக்கான சம்மதப் படிவத்தை எழுதிக் கொடுங்க. நம்ம கேக்கற வார்த்தையைப் பொறுத்துத்தான் கவுன்ட்டர்ல பதில் வரும்.

இதோட கூடவே இன்னொண்ணு. ஆறாம் வகுப்புல ஸ்கூல்ல வச்சுத் திறந்த அக்கவுன்ட் மைனர் அக்கவுன்ட். 18 வயசு ஆனதும் புதுசா கே.ஒய்.சி. கொடுக்கணும். அதே மாதிரி ரெண்டு வருஷத்துக்கு மேல எந்தப் பணமும் போடாம எடுக்காம விட்டா அக்கவுன்ட் முடங்கிடும். அம்பது ரூபாயாவது அப்பப்ப போட்டு எடுங்க.

பேங்க் சரியா இருந்தும் வரலன்னா, அப்ளிகேஷன் எந்தப் படியில நிக்குதுன்னு பாக்கணும். நீங்க சப்மிட் பண்ணினதும் அது முதல்ல காலேஜோட நோடல் ஆபீசருக்குப் போகும். அவர் சரிபார்த்து மேல அனுப்பினாத்தான் அடுத்த கட்டம். காலேஜ் சரிபார்க்கக் கடைசித் தேதி தனியா இருக்கு. அந்தத் தேதி தாண்டினா உங்க அப்ளிகேஷன் எவ்வளவு ஒழுங்கா இருந்தாலும் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். ஏதாவது குறை இருந்தா 'டிஃபெக்டிவ்'னு போட்டு உங்களுக்கே திருப்பி அனுப்புவாங்க. அது மறுப்பு இல்லை, திருத்தி மறுபடி அனுப்பச் சொல்றது. நிறையப் பேர் அதைப் பாத்துட்டு ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு விட்டுடறாங்க. பேர்ல இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, ஆதார்ல ஒரு மாதிரி மார்க் ஷீட்ல ஒரு மாதிரின்னு வர்ற குறைதான் பெரும்பாலும். (நம்ம தமிழ்நாட்டு இனிஷியல் இந்த போர்ட்டல்களுக்கு இன்னும் புரியவே இல்லை.) வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்துல வாங்குறதுதான். அந்தந்த வருஷத்துக்குப் புதுசா எடுத்து வைங்க. ஒவ்வொரு வருஷமும் ரினியூவல் போடணும், தானா வராது.

மாநில அரசு ஸ்காலர்ஷிப்புகளுக்கு யு.எம்.ஐ.எஸ். போர்ட்டல்ல உங்க விவரம் சரியா ஏறியிருக்கணும். ஸ்கூல்ல உங்களுக்கு இருந்த எமிஸ் நம்பரோட அது சேர்ந்திருக்கணும். அதை ஏத்துறது காலேஜ் ஆபீஸ் வேலை. ஏத்திட்டாங்களான்னு கேக்குறது உங்க வேலை. கேக்கும்போது மரியாதையா, ஆனா கையில அப்ளிகேஷன் நம்பரோட கேளுங்க. "சார், என் ஸ்காலர்ஷிப் என்னாச்சு"ன்னா அவரால தேட முடியாது.

கடன்

இதைச் சுருக்கமா முடிச்சிடறேன். நாலு லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. படிக்கிற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி அப்பவும் ஓடிட்டு இருக்கும். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம் வாங்கறீங்க, வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம். முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50,000. அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. முதல் தவணை கட்டுறதுக்கு முன்னாடியே 1,40,000 ரூபாய் வட்டி மட்டும் சேர்ந்திருக்கும்.

இந்த வட்டியை மத்திய அரசே கட்டுற திட்டம் ஒண்ணு இருக்கு. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள, தொழிற்கல்வி, நாக் அங்கீகாரம் உள்ள காலேஜ் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள கோர்ஸ். தகுதி இருந்தும் பலருக்கு இது கிடைக்காம போறதுக்குக் காரணம், கடன் வாங்கின பேங்க்ல வருமானச் சான்றிதழைக் கொடுத்து "வட்டி மானியத்துக்கு என் பேரைச் சேருங்க"ன்னு யாரும் கேக்கறதில்லை. மேல போட்ட கணக்குல அந்த ஒரு பேப்பரோட மதிப்பு 1,40,000. 2024 நவம்பர்ல பி.எம். வித்யாலக்ஷ்மின்னு இன்னொரு திட்டமும் வந்தது. அது தேசியத் தரவரிசையில மேல இருக்கிற குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். உங்க காலேஜ் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் நம்பிக்கை வைங்க.

காசு வாங்குற இன்டர்ன்ஷிப்

இப்ப வேற பக்கம். தேர்ட் இயர் வந்ததும் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போஸ்டர் சுத்தும். 'வெப் டெவலப்மென்ட் இன்டர்ன்ஷிப், ஒரு மாசம், வீட்டுல இருந்தே, சர்ட்டிஃபிகேட் உண்டு.' இன்டர்வியூ கிடையாது. ஃபார்ம் ஃபில் பண்ணின ரெண்டாவது நாளே ஆஃபர் லெட்டர் வந்துடும். கூடவே "கங்கிராஜுலேஷன்ஸ், 1,500 ரூபாய் கட்டி உங்க இடத்தை உறுதி பண்ணுங்க". அப்புறம் மூணு டாஸ்க்: ஒரு கால்குலேட்டர், ஒரு போர்ட்ஃபோலியோ பக்கம், ஒரு டூ-டூ லிஸ்ட். யாரும் உங்க கோடைத் திறந்துகூடப் பாக்க மாட்டாங்க. கிளாஸ்ல 60 பேர் கட்டினா 90,000 ரூபாய். யார் யாருக்கு வேலை பாத்துக் கொடுத்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

கம்பெனி ரிஜிஸ்டர் ஆகியிருக்கா, அரசு முத்திரை இருக்கான்னு பாத்தா போதும்னு சிலர் சொல்லுவாங்க. போதாது. ஒரு கம்பெனியைப் பதிவு பண்றது பெரிய விஷயமே இல்லை. நான் பாக்கச் சொல்றது வேற. உங்களைத் தேர்ந்தெடுக்க யாராவது நேரம் செலவழிச்சாங்களா? நீங்க செய்யற வேலையை யாரு ரிவ்யூ பண்ணுவாங்க, அவங்க பேர் என்ன? அந்த வேலையை நீங்க செய்யலைன்னா கம்பெனிக்கு ஏதாவது நஷ்டம் இருக்கா? மூணுக்கும் பதில் இல்லைன்னா அது டியூஷன் கூட இல்லை, வெறும் பிரின்ட் அவுட். பிளேஸ்மென்ட் இன்டர்வியூல ரெசியூமேவைப் பாத்து "இந்த இன்டர்ன்ஷிப்ல என்ன பண்ணீங்க, ஏன் அப்படிப் பண்ணீங்க"ன்னு ரெண்டாவது கேள்வி வரும்போது அது அங்கயே கழண்டுடும்.

ஒரு விதிவிலக்கு. சில பொதுத்துறை நிறுவனங்கள் இன்-பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு ஒரு கட்டணம் வாங்கும். அது வேற விஷயம். அங்க நிஜமான மெஷின் இருக்கு, ஷாப் ஃப்ளோர் இருக்கு. மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ பசங்க, இதை விட்டுடாதீங்க. நெய்வேலி, திருச்சி பி.எச்.இ.எல்., பெரம்பூர் ஐ.சி.எஃப். இங்கெல்லாம் போக காலேஜ் லெட்டர் வேணும், முன்கூட்டியே கேக்கணும். அதுவும் கிடைக்கலன்னா அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் உள்ள சின்னச் சின்ன யூனிட்டுக்கு நேர்ல போய்க் கேளுங்க. பம்பு செய்யற ஒரு யூனிட்ல ரெண்டு வாரம் நின்னு, எந்த ஸ்டேஜ்ல எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகுதுன்னு நோட்டுல எழுதி, ஏன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணினாலே இன்டர்வியூல இருபது நிமிஷம் பேச விஷயம் இருக்கும். அதுக்கு சர்ட்டிஃபிகேட் ஒரு லெட்டர்ஹெட்ல நாலு வரிதான் தருவாங்க. பரவாயில்லை.

ரிசர்ச் ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மே மாச இன்டர்ன்ஷிப்பை ஏப்ரல்ல தேடாதீங்க. இந்திய அறிவியல் அகாடமிகள் மூணும் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஃபெலோஷிப்புக்கு முந்தின வருஷம் அக்டோபர், நவம்பர் வாக்குலயே அப்ளை பண்ணியாகணும். ஐ.ஐ.டி. மெட்ராஸோட சம்மர் ஃபெலோஷிப் அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்குல வரும். இது மத்த காலேஜ் மாணவர்களுக்காகவே நடத்துறது, தேர்ட் இயர்ல இருக்கிறவங்க போடலாம். ரெண்டுலயும் ஸ்டைபண்டு அவங்கதான் தருவாங்க, நீங்க கட்ட வேண்டியதில்லை. கோடிங் பக்கம்னா கூகுள் சம்மர் ஆஃப் கோட். 2005-ல இருந்து நடக்குது. பிப்ரவரியில எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் அமைப்புகள்னு பட்டியல் வரும். பட்டியல் வந்தப்புறம் முதல் தடவையா அந்தக் கோடைத் திறக்கறவங்களுக்குக் கஷ்டம். முந்தின வருஷப் பட்டியலைப் பாத்து, பிடிச்ச ஒண்ணுல டிசம்பர்லயே ஒரு சின்ன பக் சரி பண்ணிப் பாருங்க.

புரொஃபசர்களுக்கு நேரா மெயில் போடறதும் நடக்கும். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஹைலி இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு ரிசர்ச்"னு ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினா நூறும் குப்பைக்குத்தான் போகும். அவர் எழுதின ஒரு பேப்பரைப் படிங்க. முழுசா புரிய வேண்டாம். அதுல புரியாத ஒரு இடத்தைக் குறிப்பா கேளுங்க. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்னு ஒரு வரி, எந்த ரெண்டு மாசம் வர முடியும்னு ஒரு வரி. எட்டு வரிக்கு மேல போகக் கூடாது. என் கிளாஸ்மேட் ஒருத்தி இப்படிப் பதினோரு மெயில் போட்டா. ஒன்பதுக்குப் பதில் வரல. ஒருத்தர் இடம் இல்லைன்னார். ஒருத்தர் வரச் சொன்னார். அவ மே மாசம் முழுக்க அங்கதான் இருந்தா.

ஃபைனல் இயர்ல இருக்கிற என்னைப் போன்றவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. பி.எம். இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபர்ல வந்தது, மாசம் 5,000 ரூபாய். வயசு 21-ல இருந்து 24. ஆனா முழுநேரமா படிச்சிட்டு இருக்கிறவங்க அதுல சேர முடியாது. அதனால இப்ப ஃபார்ம் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. டிகிரி முடிச்சும் வேலை அமையலன்னா என்.ஏ.டி.எஸ்.னு தேசிய அப்ரன்டிஸ் திட்டம் இருக்கு. 1961-ஆம் வருஷ அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ வர்றது, ஒரு வருஷப் பயிற்சி. 2019-ல திருத்தின விதிப்படி டிகிரி முடிச்சவங்களுக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய் ஸ்டைபண்டு. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் நம்ம தரமணியிலதான் இருக்கு. கன்வொகேஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், புரொவிஷனல் சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்ததுமே போர்ட்டல்ல பேரைப் பதிவு பண்ணிடுங்க. அங்கயும் ஆதார் சீடிங் கேப்பாங்க.